பக்கவிளைவே இல்லாத வீதி

வெறும் வயிற்றில் போடாதீர்கள். முதல் வாய்ச் சோற்றோடு விழுங்குங்கள், சாப்பிட்டு முடித்த பிறகு அல்ல. போட்டதும் படுக்காதீர்கள். முதல் வாரம் அரை மாத்திரை, அடுத்த வாரம் முழுசு. வயிறு உப்பினால் நடங்கள். நெஞ்சு எரிந்தால் தண்ணீர் குடியுங்கள். உள்ளங்கை வெடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இந்தப் பாட்டைப் பதினோரு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். ஈரோடு, நாமக்கல், கரூர் என்று மூன்று மாவட்டங்களில் ‘செரிமா’ மாத்திரை போட்டு வயிறு கெட்டவர்கள் எல்லோருக்கும் முதல் ஆறுதல் இந்தச் சென்னியப்பன்தான். கம்பெனி எனக்குக் கொடுத்திருக்கும் பதவி பக்கவிளைவுத் தொடர்பு அலுவலர். என் மனைவி மேகலா கொடுத்திருக்கும் பதவி ஏப்பக்காரர்.

கல்லரிசி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெயில் ஏறி, மழை பொய்த்து, பொன்னியும் மற்ற ரகங்களும் பால் பிடிக்காமல் பதராகிப் போன சமயத்தில் வந்த அரிசி அது. பாதித் தண்ணீரில் விளையும், எந்த வெயிலையும் தாங்கும். ஒரே ஒரு குறை, மனித வயிற்றில் செரிக்காது. அதைச் செரிக்க வைக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது. அந்த நொதியைச் சுரக்கிற நுண்ணுயிர்களை அடைத்த மாத்திரைதான் செரிமா. விதையும் எங்கள் கம்பெனியுடையது, மாத்திரையும் எங்கள் கம்பெனியுடையது. பூட்டும் சாவியும் ஒரே கடையில் விற்கிறோம். பழைய அரிசியும் கம்பும் ராகியும் இன்னும் அங்கங்கே கிடைக்கத்தான் செய்கின்றன, பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணப் பந்திகளில்.

மேகலாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், உள்ளங்கை வெடித்து ரத்தம் கசியும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவாள். போடாவிட்டால் சோறு செரிக்காது. இரண்டு வருடமாக வாழைப்பழத்தையும் மரவள்ளிக் கிழங்கையும் வைத்து உயிரைப் பிடித்திருக்கிறாள். அதுவும் உடம்பில் ஒட்டவில்லை. போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் ஆறு மாதம் தாங்குவது கஷ்டம் என்றார். ஊருக்கெல்லாம் வயிற்றுக்கு வழி சொல்கிறவன் பெண்டாட்டி பட்டினி. இதை நினைத்தால் யார் மேல் என்றே தெரியாமல் எனக்குக் கோபம் வரும்.

அப்படிக் கோபமாக இருந்த ஒரு திங்கட்கிழமைதான் சென்னையிலிருந்து டாக்டர் ரோஷினி கூப்பிட்டார். கம்பெனி ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர். என்னைவிட இருபது வயது சின்னவர்.

“சென்னியப்பன் சார், பவானியில படித்துறை வீதின்னு ஒண்ணு இருக்கா?”

“இருக்குங்க மேடம். முப்பத்தெட்டு ஊடு.”

“எட்டு மாசமா அங்கேருந்து ஒரு புகார்கூட வரலை.”

“நல்லதுதானுங்களே.”

“மாத்திரையும் வாங்கலை சார். ஒரு அட்டைகூட. ஆனா ரேஷன்ல கல்லரிசி மட்டும் மாசாமாசம் தவறாம வாங்கறாங்க. வாங்கி என்ன, கோலமா போடறாங்க?”

போலி மாத்திரை என்று எனக்கு உடனே தோன்றியது. எனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். பதினோரு வருடம் மற்றவர்கள் வயிற்றைப் பற்றி விசாரித்தவனுக்குச் சந்தேகம் ஒரு வியாதியாகவே ஆகிவிடுகிறது. வயிறு சரியில்லை என்பவர்களில் பாதிப் பேர் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு ஒடித்துக் கொடுத்திருப்பார்கள். சரியாக இருக்கிறது என்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லுவார்கள். முப்பத்தெட்டு வீடும் சேர்ந்து சரியாக இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் படித்துறை வீதிக்குள் நுழைந்ததும் முதலில் எனக்குப் புலப்பட்டது நாற்றம் இல்லாதது. இன்றைக்கு எந்த பஸ்ஸில் ஏறினாலும், எந்த ஆபீசுக்குப் போனாலும் புளியேப்ப நாற்றம் இருக்கும். அதற்கு எல்லோரும் பழகிவிட்டோம். இந்த வீதியில் மல்லித்தழை வாசம் வந்தது, குழம்பு தாளிக்கிற வாசம் வந்தது. ஒருவர்கூட நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்கவில்லை.

மூன்றாவது வீட்டு முன்னறையில் ஒரு பெண் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசல் பலகையில் ஜோதிமணி டெய்லர் என்று எழுதியிருந்தது.

“ஆருங்க?”

“கம்பெனிலேருந்து வர்றனுங்க. மாத்திரை போட்டு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதான்னு கேட்டுட்டுப் போலாம்னு…”

“ஒரு தொந்தரவும் இல்லீங்க.”

“மாத்திரை போடறீங்களா?”

“போட்டாத்தானுங்களே தொந்தரவு,” என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மெஷினை இரண்டு முறை வெறுமனே மிதித்தார். “போடறோம் போடறோம். அதெல்லாம் தவறாம போடறோம்.”

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மத்தியான நேரத்தில் வந்து உட்கார்ந்தவனைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்ப அவரால் முடியவில்லை. அதுதான் நான் எதிர்பார்த்ததும். சோறு போட்டால் மாத்திரை வெளியே வந்தாக வேண்டும், வந்தால் அட்டையைப் பார்த்துவிடலாம். அவர் கணவர் ஈசுவரனும் வேலையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, கடைசியில் கெட்டித் தயிர். ஈசுவரன் இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். மாத்திரை எடுக்கவே இல்லை. நானும் என் மாத்திரையை விழுங்குகிற மாதிரி பாவனை செய்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு முரட்டுத் துணிச்சல்.

ஒன்றும் நடக்கவில்லை. ஈரோடு வந்து சேர்ந்தேன், ஆபீசில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், வீட்டுக்கு நடந்தே போனேன். ஏப்பம் இல்லை, எரிச்சல் இல்லை, உப்பல் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சாப்பிட்டதை மறந்துபோய் இருந்தேன். அட கடவுளே, வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய சுகம்!

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தேகம்தான் ஓடியது. தண்ணீரா? குழம்பில் போட்ட புளியா? சோறு வடிக்கும்போது எதையாவது போடுகிறார்களா? அடுத்த நாள் சாயங்காலம் மறுபடியும் போய் ஜோதிமணி வீட்டு முன்னால் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“நேத்துத்தானுங்களே வந்துட்டுப் போனீங்க?”

“நேத்துச் சாப்புட்டது நல்லா இருந்துச்சுங்க,” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். “அக்கா, எங்கூட்டுத் தயிரு நேத்து நெஞ்ச எரிச்சிருச்சு. எடுத்துக் கொட்டிட்டேன். கொஞ்சம் ஒறமோரு குடு.”

“வெளக்கு வெச்சாச்சு. காத்தால வா.”

“இன்னும் வெக்கலையே அக்கா.”

“காத்தால வான்னு சொல்றனில்ல?” என்று ஜோதிமணி அதட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தாள், டம்ளரைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். உறைமோர் டம்ளரை எதற்கு மறைக்க வேண்டும்? எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

“தயிர்லதான் இருக்குது. இல்லீங்களா?” என்றேன்.

ஜோதிமணி கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே? இப்ப வந்து புதுசாக் கேக்கறீங்க?”

“நானா?”

“நாலு வருசத்துக்கு முன்னால கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டீங்களே. மைக்கைப் புடிச்சுப் பேசுனது நீங்கதான். எரியுது எரியுதுன்னு நாங்கல்லாம் சத்தம் போட்டப்ப, எரியறவங்க மாத்திரையப் பொடிச்சு மோர்ல கலக்கிக் குடிங்கன்னீங்க.”

சொன்னேன். ஞாபகம் வந்துவிட்டது. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அப்படி ஒரு யோசனையே கிடையாது. இருநூறு பெண்கள் எழுந்து நின்று கத்தியதில் பயந்துபோய், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

“மோர்ல கலக்கிக் குடிச்சோம். மிச்ச மோரத் தூக்கியா கொட்டுவோம்? அதையே பாலுக்கு ஒறை ஊத்துனோம். ஒரு நா என்ற ஊட்டுக்காரரு மாத்திரை போட மறந்துட்டாரு. ஒண்ணும் ஆகலை. அடுத்த நா வேணும்னே போடாம இருந்து பாத்தோம். அப்பறம் வீதியில எல்லாரும் விட்டுட்டோம்.”

“எரிச்சல் எப்புடிங்க போச்சு?”

“எந்த ஊட்டுத் தயிரு எரியுதோ அதக் கொட்டீருவோம். எந்த ஊட்டுத் தயிரு நல்லா இருக்குதோ அங்க போயி ஒறை வாங்கிக்குவோம். இது காலங்காலமா செய்யறதுதானுங்களே? இதுல என்ன தப்பு இருக்குது?”

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேகலாவின் உள்ளங்கைதான் கண் முன்னால் நின்றது. அவளைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்ன ஆறு மாதக் கணக்கையும் சொன்னேன். பேசும்போது என் குரல் உடைந்துவிட்டது. கொஞ்சம் உறைமோர் வேண்டும் என்று கேட்டேன்.

“கம்பெனிக்குங்களா, ஊட்டுக்குங்களா?”

“ஊட்டுக்குங்க. சத்தியமா ஊட்டுக்கு.”

அந்த நேரத்தில் அது பொய் இல்லை. காலையில் வரச் சொன்னார். போனேன். மூடி போட்ட ஒரு தூக்குப்போசியில் கொடுத்தார்.

பவானியிலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம். அந்த அரை மணியில் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நாலு வருடமாக யார் யாரோ வீட்டுப் பாத்திரத்தில் வளர்ந்தது இது. என்னவாக மாறியிருக்கிறதோ? என் வயிறு தாங்கியது. முப்பத்தாறு கிலோவாக இளைத்துப் போனவள் தாங்குவாளா? ஏதாவது ஆகிவிட்டால்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரோஷினிக்கு போன் போட்டேன்.

“ஒரு சந்தேகமுங்க மேடம். நம்ம மாத்திரையில இருக்கற கிருமி ரெண்டு நாள்ல செத்துரும்னு சொல்லுவீங்களே. சாகாம இருக்க வழி இருக்குதுங்களா?”

“ரெண்டே நாள்ல சாகற மாதிரிதான் அதைச் செஞ்சிருக்கோம். இல்லேன்னா ஜனங்க தினமும் ஏன் மாத்திரை வாங்கணும்?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆனா, தினமும் அதுக்குப் புதுசா தீனி போட்டு, சாகாம மிஞ்சின ஒண்ணு ரெண்டை மட்டும் அடுத்த நாளுக்கு எடுத்து வச்சு, இப்படியே ஆயிரம் நாள் விடாம யாராவது செஞ்சா… எந்த லேப்லயும் அந்தப் பொறுமை கிடையாது. ஏன் சார் கேட்கறீங்க?”

“எரிச்சல்கூட இல்லாமப் போகுங்களா?”

“எரிச்சல் இல்லாததையே பொறுக்கி எடுத்துட்டே வந்தா போகும். சார், நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க, இல்லையா?” அவர் குரல் தழைந்தது. “அது மட்டும் கையில கிடைச்சா எத்தனை பேர் பிழைப்பாங்க தெரியுமா? உங்க மனைவி மாதிரி எத்தனை ஆயிரம் பேர். சாம்பிள் அனுப்புங்க. நாங்க பரிசோதிச்சுச் சொல்ற வரைக்கும் அவங்களுக்குக் கொடுத்துடாதீங்க.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எத்தனை ஆயிரம் பேர் என்றாரே, அது பொய் இல்லையே. வீட்டுக்குப் போய்ப் பாதித் தயிரை ஒரு பாட்டிலில் ஊற்றி, ஐஸ் வைத்து, கம்பெனி கூரியரில் அனுப்பினேன். மீதிப் பாதியை மேகலாவிடம் கொடுத்தேன். லேப் பதில் வரும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

தூக்குப்போசிக்குள் எட்டிப் பார்த்தாள். “பாதிதானே இருக்குது?”

“மீதி லேப்புக்கு அனுப்பிட்டேன்.”

“அந்தம்மாகிட்டச் சொல்லீட்டுத்தான் அனுப்புனீங்களா?”

“எதுக்குச் சொல்லோணும்? நல்ல காரியத்துக்குத்தானே?”

மேகலா போசியை மூடினாள். கல்லரிசிச் சோற்றைக் குழைய வடித்து, அந்தத் தயிரைப் போட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டு வருடம் கழித்துச் சோறு சாப்பிடுகிறவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வாயையும் மென்று முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு வலி ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு அவளால் நிமிர முடியவில்லை. பெருந்துறை ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சோறு ஒரு பருக்கைகூடச் செரிக்கவில்லை, அப்படியே கல்லாக நிற்கிறது என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முனகிய முனகலைக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்தப் பொம்பளை என்னை ஏமாற்றிவிட்டாள். வெறும் தயிரைக் கொடுத்து என் மேகலாவைக் கொல்லப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே ரோஷினியைக் கூப்பிட்டேன். லேப் முடிவு வரட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. வீதியின் பெயர், வீட்டு எண், ஜோதிமணியின் பெயர், உறைமோர் கைமாறுகிற விதம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் மூன்று வண்டிகள் படித்துறை வீதிக்குள் நுழைந்தன. மாத்திரையில் இருக்கும் உயிர் கம்பெனியின் சொத்து, அதை அனுமதி இல்லாமல் வளர்ப்பது திருட்டு என்று ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள். பிறகு வீடு வீடாகப் புகுந்து தயிர்ப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெண்கலக் கிண்ணம், எவர்சில்வர் போசி, பிளாஸ்டிக் டப்பா, முப்பத்தெட்டு வீட்டுத் தயிரும் பெயர் ஒட்டி, சீல் வைத்து, வண்டியில் ஏறியது. பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அடையாளம் காட்ட வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் நேராக ஜோதிமணியிடம் போனேன்.

“வெறுந்தயிரக் குடுத்து என்ற சம்சாரத்தக் கொல்லப் பாத்தீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?”

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “கம்பெனி ஆளு வந்து கேக்கறாரு. பொண்டாட்டிக்குன்னு சொல்றாரு. அழுகறாரு. நெசமா, நடிப்பான்னு எனக்கு எப்புடிங்க தெரியும்? அதான் வெறுந்தயிரக் குடுத்தேன். லேப்புக்குப் போனா அங்க ஒண்ணும் கெடைக்காது. பொண்டாட்டிக்குப் போனா, வலிக்குதுன்னு நீங்க திரும்பி ஓடியாருவீங்க. அப்ப நல்லதக் குடுத்துக்கலாம்னு இருந்தேன். ரெண்டு நா வாசல்லயே ஒக்காந்து பாத்தனுங்க. நீங்க வருல. வண்டிதான் வந்துருக்குது.”

நான் வண்டிகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“பாதிய அனுப்பீட்டீங்க. இல்லீங்களா?”

“பரிசோதிக்கறதுக்குத்தான்…” என்று இழுத்தேன்.

“நான் சந்தேகப்பட்டது பாவந்தானுங்க. ஒரு பொம்பளைக்கு வலிய உண்டாக்கீட்டேன். அது என்ற மனசுல இருந்துட்டுத்தான் இருக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப எப்புடி இருக்கறாங்க?”

“ஆஸ்பத்திரிலதான் இருக்கறா.”

“எந்த ஆஸ்பத்திரிங்க?”

சொன்னேன். மாடியையும் அறையையும்கூடச் சொன்னேன். ஒரு மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீதியில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

நாலு நாள் கழித்து ரோஷினி கூப்பிட்டார். முப்பத்தெட்டுப் பாத்திரத்திலும் வெறும் தயிர்தான் இருந்ததாம். நான் அனுப்பிய பாதியும் அப்படியேதானாம். “உங்களை முட்டாளாக்கிட்டாங்க சார்,” என்றார். அதோடு நிற்கவில்லை. “இல்லே, நீங்க எங்களை முட்டாளாக்கறீங்களா?”

அன்றைக்கு மேகலாவை வீட்டுக்கு அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் சொன்னார், “உங்க சொந்தக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்க சார், பவானிலேருந்து. ரெண்டு அம்மா.” எனக்குப் பவானியில் சொந்தம் கிடையாது. மேகலாவிடம் கேட்டேன். “ஆரோ அறை மாறி வந்துட்டாங்க,” என்றாள். பதினோரு வருடம் பொய்யைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான். அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

மூன்று வாரம் போனது. மேகலா என் கண் முன்னாலேயே தேறிக்கொண்டு வந்தாள். கன்னத்து எலும்பு உள்ளே போனது. உள்ளங்கை வெடிப்பு மூடியது. நான் வேலைக்குப் போயிருக்கும்போது சோறு வடிக்கிறாள், கஞ்சித் தண்ணீர் வாசம் சாயங்காலம் வரைக்கும் சமையலறையில் நிற்கிறது. என் எதிரில் மட்டும் வாழைப்பழம். “ஆஸ்பத்திரி மருந்து ஒத்துக்கிச்சு போல,” என்பாள். நானும் ஆமாம் போல என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மூலையில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், ஒரு சின்னப் போசி மூடி இருந்தது. திறந்து பார்த்தேன். வெதுவெதுப்பான பால். அதற்குள் ஒரு மோர் மிளகாய் கிடந்தது. தயிரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்த மிளகாய். பாலில் போட்டு வைத்தால் காலையில் தயிராகிவிடும், அந்தத் தயிரில் இருந்தது எல்லாம் மறுபடியும் உயிர் பெற்றுவிடும். என்னைப் பார்த்த அன்றைக்கே நல்ல தயிரை மிளகாயில் ஏற்றிவிட்டு, பாத்திரங்களில் வெறுந்தயிரை மாற்றியிருக்க வேண்டும். ஆபீசர்கள் முப்பத்தெட்டு வீட்டில் தயிரைத் தேடினார்கள். மிளகாய் டப்பாவை எவன் திறந்து பார்ப்பான்? நான் சத்தமில்லாமல் போசியை மூடிவிட்டுத் திரும்பினேன். மேகலா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னுங்க தேடறீங்க?”

“தண்ணி.”

“கேட்டா நான் குடுக்க மாட்டனா?” என்று சொல்லிக்கொண்டே வந்து, எனக்கும் அந்தப் போசிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். தண்ணீர் டம்ளரை நீட்டினாள். நான் குடித்து முடிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை. என்னிடமிருந்து என் மேகலா ஒரு போசியைக் காக்கிறாள்.

அப்போது போன் அடித்தது. ரோஷினி. நான் வேண்டுமென்றே சமையலறையில் நின்றபடியே, அவளுக்குக் கேட்கிற மாதிரி பேசினேன்.

“உங்க மனைவி ரொம்பத் தேறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே சார்?”

“ஆர் சொன்னதுங்க? அப்புடியேதான் கெடக்கறா. பழைய அரிசி கொஞ்சம் கெடைச்சுது, அதுல கஞ்சி வெச்சுக் குடுக்கறேன்.”

“பவானியிலேருந்து யாராவது வந்தாங்களா?”

“ஆரும் வருலீங்க. அங்க ஒண்ணுமே இல்லீங்க மேடம். நானே வெறுந்தயிரப் பாத்து ஏமாந்துட்டேன். கேஸை மூடீருங்க.”

கம்பெனிக்கு நான் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு மேகலாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். அடுப்பைப் பற்றவைத்தாள், அவ்வளவுதான்.

மத்தியானம் எனக்கு மட்டும் தட்டுப் போட்டாள். இன்றைக்கு அவளையும் உட்காரச் சொன்னேன். தயங்கினாள். “ஒக்காரு மேகலா, பசிக்கும்ல?” என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டை எடுத்துவந்து உட்கார்ந்தாள். தட்டில் தயிர் ஊற்றிப் பிசைந்த கல்லரிசிச் சோறு. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நானும் மாத்திரை போடாமல் அவளோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், என்னிடம் ஒளிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“எனக்கும் கொஞ்சம் தயிரு ஊத்து மேகலா.”

அவள் கை சோற்றிலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், என் சட்டைக்கு இன்றைக்கும் அவள்தான் பொத்தான் தைக்கிறாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. ஊற்றினால் அதில் பாதி எங்கே போகும் என்கிற கணக்கு மட்டும்தான் இருந்தது.

“தயிரு இல்லீங்க,” என்றாள். “தீந்து போச்சு. ரசம் ஊத்தட்டுங்களா?”

“ஊத்து,” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் ரசத்தை ஊற்றினாள். சூடாக இருக்கிறது, பார்த்துச் சாப்பிடுங்கள் என்றாள்.